ரேணுகாவின் மேப்பிளுக்குக் கிடைத்த விடுதலை

செங்கல்பட்டில் ரேணுகாவிடம் கையை நீட்டாத ஆள் அபூர்வம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேளையில் அவள்தான் ஊசி குத்துகிறவள். வெறும் வயிற்றோடு வந்து முறைத்துக்கொண்டு நிற்கும் சர்க்கரைக்காரர்கள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று பறக்கும் டீச்சர்கள், நரம்பே அகப்படாத வயசாளிகள், எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள். குத்தியதே தெரியவில்லை என்பார்கள். புதுப்பட்டினத்திலிருந்து மீன்கார அம்மாள் ஒருத்தி இரண்டு பஸ் மாறி இவளிடம் குத்திக்கொள்ள வருகிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

கோபக்காரிதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆட்டோக்காரனிடம் கோபப்படுவாள், கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடம் கோபப்படுவாள், அரை மணியில் ஆறிவிடுவாள். போன வருஷம் கத்திரி வெயிலில் வந்த கோபம் அந்த ரகம் இல்லை. ஒரு தொட்டி மரத்துக்காகவா இத்தனை கோபம் என்று தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் தீனதயாளன் அவளை பெங்களூருக்கு மலர்க் கண்காட்சி பார்க்கக் கூட்டிப்போனான். அங்கேதான் அந்த மேப்பிளைப் பார்த்தாள். ஒரு முழ உயரம், மூன்று விரல் மாதிரி பிரிந்த இலை, பான்சாய்க்கென்று வளர்த்த கன்று. "எந்த ஊருங்க?" என்று கேட்ட நர்சரிக்காரர், செங்கல்பட்டு என்றதும் கொடுக்கவே தயங்கினார். இது குளிர்ந்த ஊர் மரம், உங்கள் ஊரில் ஒரு கோடை தாங்காது, வேறு எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தாங்காது என்று ஒருவர் சொல்லிவிட்டால் ரேணுகாவுக்குப் போதும். அதையே வாங்கினாள்.

அது ஒரு கோடை தாங்கிற்று. அடுத்ததும் தாங்கிற்று. அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? கொளவாய் ஏரிப் பக்கம் அவர்கள் வீடு. மொட்டைமாடியில் கிழக்கு மூலையில் பச்சை வலையை இரட்டையாகக் கட்டினாள். தொட்டிக்கு அடியில் ஈர மணல் தட்டு வைத்தாள். போர்வெல் தண்ணீர் உப்பு, இலை ஓரம் கருகிவிடும். அதனால் லேபில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கேனில் பிடித்து ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். கூட வேலை செய்கிறவர்கள், "மேடம் புள்ளைக்குப் பால் எடுத்துகினு போறாங்க" என்று கிண்டலடிப்பார்கள். அப்போது அதற்கு அவளும் சிரித்தாள்.

தண்டு கொஞ்சம் வளைந்து, மறுபடி நிமிர்ந்து, உச்சி நேர் மேலே வரும்படி அதைப் பழக்கியிருந்தாள். பான்சாய்க்காரர்கள் அதை வளைந்து நிமிர்ந்த பாணி என்பார்கள். வேர்கள் எல்லாப் பக்கமும் சமமாக மண்ணைக் கவ்விப் பிடித்திருக்கும். கிளைகளுக்குக் கம்பி சுற்றி, கம்பி பட்டையில் அழுந்துவதற்குள் அவிழ்த்து, மறுபடி சுற்றி, இப்படியே வருஷங்கள் ஓடின. மார்கழிப் பனியில் இலை சிவக்காவிட்டாலும் மஞ்சளாவது ஆகும். அந்த ஒரு வாரம் தீனதயாளனே மாடிக்கு வந்து போனில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவான்.

தீனதயாளன் கெட்டவன் கிடையாது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லும்போதே எரிச்சலாக வருகிறது. திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். இப்போது இரண்டு லோடு வண்டி வைத்து சிமென்ட், செங்கல் ஏற்றி இறக்குகிறான். குடி கிடையாது, கை நீட்ட மாட்டான், சம்பாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான். ஆனால் ஒரு விஷயம் என்று வந்தால் மட்டும் அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அந்த ஒரு விஷயம் குழந்தை.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பிறக்கவில்லை என்றால் யாரைக் கேட்பார்கள்? ரேணுகாவைத்தான். ஹார்மோன் டெஸ்ட் அவளுக்கு, ஸ்கேன் அவளுக்கு, கருக்குழாயில் மருந்தை ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே அவளுக்கு. வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாயை விட்டுப் பார்த்ததும் அவளுக்குத்தான். எல்லாவற்றிலும் ஒன்றும் குறையில்லை என்றே வந்தது. டாக்டர் அம்மாள் ஒவ்வொரு தடவையும், "உங்க ஹஸ்பெண்ட் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்பார். ஒரு சின்ன டப்பா, ஒரு சாம்பிள், ஒரு மணி நேரத்தில் முடிகிற டெஸ்ட். தினமும் எத்தனையோ டப்பாக்களை வாங்கி லேபிள் ஒட்டி உள்ளே அனுப்புகிற ரேணுகாவால் தன் புருஷனிடமிருந்து ஒரு டப்பாவை வாங்க முடியவில்லை. "எங்க வம்சத்துல அந்த மாதிரி எவனுக்கும் கெடையாது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தானே டெஸ்ட்? அதைக் கேட்டால், சாப்பிடாமல் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

இந்த நிலையில்தான் மாமியார் சாரதாம்பாள் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் வாசலைப் பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், ஒன்றிலும் குறை அகப்படவில்லை. மாடிக்குப் போனார். அகப்பட்டுவிட்டது.

"இதுதாங்க. வளர வேண்டிய மரத்தை வெட்டி வெட்டிக் குட்டையாக்கி வெச்சிகினு கீறீங்க. அப்புறம் வம்சம் எப்டிங்க வளரும்?" என்றார்.

ரேணுகா அதைக் கேட்டு அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு. அன்றைக்கே ஒரு சண்டை போட்டு அந்தப் பேச்சை அடியோடு முடித்திருக்க வேண்டும். அவர் காபி குடித்துவிட்டுப் போனார், பேச்சு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மே மாதம் அவள் அம்மாவுக்கு வந்தவாசியில் கண் ஆபரேஷன். ஒரு வாரம் லீவு போட்டுப் போனாள். மேப்பிளுக்குக் காலையும் மாலையும் கேன் தண்ணீர் ஊற்றச் சொல்லி தீனதயாளனிடம் விட்டுவிட்டுப் போனாள். போனில் கேட்டபோதெல்லாம், "நல்லா கீது, நல்லா கீது" என்றான்.

திரும்பி வந்த அன்று மாடிக்குப் போனாள். பச்சை வலை சுருட்டி வைத்திருந்தது. தொட்டி கவிழ்ந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் கீழே பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் அவளுடைய மரம் தரையில் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். கழுத்துக்கு ஒரு சாமந்தி மாலை. மாலை காய்ந்திருந்தது, இலை அதைவிடக் காய்ந்திருந்தது. உச்சியைப் பக்கத்து வீட்டு ஆடு கடித்துத் தின்றுவிட்டிருந்தது.

"இன்னா அத்த இது?" என்றாள் ரேணுகா.

சாரதாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மரம்னா மண்ணுல இருக்கணும். வெள்ளிக்கெழம வளர்பிறைல நல்ல நேரம் பாத்துதான் நட்டோம். பாலு ஊத்தி நட்டோம். சட்டில போட்டு நசுக்கி வெச்சிருந்தியே, அத அவுத்து வுட்டுட்டோம். இனிமே அது பாட்டுக்கு வளரட்டும், நீயும் நல்லா இரு."

பால் ஊற்றினார்களாம். குளிர்நாட்டு மரத்தைக் கத்திரி வெயிலில் நிழல் வலையைப் பிடுங்கி நட்டு, அதன் வேரில் பாலை ஊற்றி, விடுதலை கொடுத்துவிட்டார்களாம். கேட்டால் நல்லெண்ணம். இந்த நல்லெண்ணத்துக்கு மட்டும் ஒரு தடுப்பூசி இருந்தால் ஊரில் பாதிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலமே அதைத் தோண்டி எடுத்தாள். தோண்டும்போது அழவில்லை, எடுத்துப் பார்த்த பிறகு அழுதாள். கிளைகளில் இருந்த கம்பியைப் பிளையரால் பிய்த்ததில் பட்டையும் சேர்ந்து உரிந்திருந்தது. மேற்குப் பக்கம் தண்டு வெயிலில் வெந்து, அடியிலிருந்து பாதி உயரத்துக்குப் பட்டை செத்துப்போயிருந்தது. வேர் ஒரு பக்கம் மொத்தமாக இல்லை. கிழக்கே தாழ்வாக ஒரு கிளை மட்டும், ஆட்டின் கண்ணில் படாமலோ பிடிக்காமலோ, பச்சையாக இருந்தது.

செத்துவிடும் என்றுதான் நினைத்தாள். சாகவில்லை. அகலமான சட்டியில் ஆற்று மணலும் செங்கல் தூளும் போட்டு, நிழலில் வைத்து, கிளை வெட்டாமல், கம்பி சுற்றாமல், உரம் போடாமல் சும்மா விட்டாள். அடிபட்ட மரத்துக்கு முதல் வைத்தியம் சும்மா விடுவதுதான். அதைத்தான் யாராலும் செய்ய முடிவதில்லை.

மாமியாரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு பெண்களுக்கு நடுவில் தீனதயாளன் பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்தான். அம்மா செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்பது போல ஒரு பெருமூச்சு விடுவான். ரேணுகாவுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

ஆடி மாதம் ஒருநாள் மழை வந்து கொடியில் இருந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. வீட்டில் இருந்துகொண்டு எடுத்துப் போடவில்லையே என்று ரேணுகா சுவரைப் பார்த்துச் சொன்னாள். சாரதாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சும்மா என்னியே கரிச்சிக் கொட்டிகினு இருக்காத. வாயால சொன்னது நானு. குழி வெட்னது உம்புருசன். கம்பிய பிச்சது உம்புருசன். வேரு பரந்து கீது, குழில அடங்கலன்னு மம்பட்டியால வெட்டி உள்ள தள்ளினதும் அவன்தான். நானா மம்பட்டி புடிச்சேன்? போயி அவனக் கேளு."

அவனைக் கேட்டாள். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை நிறுத்தாமலேயே, "உனக்கோசரம்தான் செஞ்சேன் ரேணு" என்றான்.

"எனக்கோசரமா?"

"நீயும்தான எத்தினி வருசமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையிற. எதனா ஒன்னுல ஆவட்டுமேன்னுதான்."

"எனக்கோசரம்னா, ஒரு டப்பால சாம்பிள் குடுங்கன்னு கேட்டேனே, அத குடுத்திருக்கலாம். அதுக்கு மம்பட்டிகூட வேணாம்."

அவன் குழாயை மூடினான். "எடுத்தவொடன அங்க வந்துடு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனான். ரேணுகா அப்படியே நின்றாள். போனில் நல்லா கீது, நல்லா கீது என்று சொன்ன குரல் காதிலேயே இருந்தது. மாமியார் ஏதோ கேட்டு நம்புகிற வயசு, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவன் அந்த மரத்தைப் படம் பிடித்தவன். இவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினான். தன்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு மரத்தைப் பிடித்துக் குற்றவாளி ஆக்கி, அதற்குத் தண்டனையும் கொடுத்து, இரண்டு மாதம் அம்மாவைப் பழி சுமக்கவும் விட்டிருக்கிறான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் மழைக்காலம் முடிந்தும் தணியவில்லை.

தை கடைசியில் மேப்பிள் துளிர்த்தது. தாழ்ந்த கிழக்குக் கிளையில் முதலில், பிறகு அதற்குச் சற்று மேலே. தண்டின் மேல்பாதி துளிர்க்கவில்லை, அது போனது போனதுதான். இனி இதற்கு என்ன உருவம் கொடுப்பது என்ற கேள்வி வந்துவிட்டது. பழைய உருவம் நடக்காது. நிமிர்ந்து நிற்க உச்சி இல்லை, சமமாகக் காட்ட வேர் இல்லை.

மாமல்லபுரத்துக்கு இப்பால், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு நர்சரி இருக்கிறது. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்று வட்டாரத்து பான்சாய்க்காரர்கள் அங்கே கூடுவார்கள். ரேணுகா மரத்தை ஸ்கூட்டரில் இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து, அதற்கு ஈரத் துணி போர்த்தி, கொண்டுபோனாள்.

மேஜையில் வைத்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். சங்கத் தலைவர் காசிநாதன், ஓய்வு பெற்ற என்ஜினீயர், மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"இதுல ஒண்ணும் கஷ்டமே இல்லம்மா. திருப்பி வெச்சிடு. பான்சாய்ல முன்பக்கம் எதுன்னு நாமதான முடிவு பண்றோம்? அடிபட்ட பக்கத்தப் பின்னாடி போட்டுட்டு, ரெண்டு கிளைய முன்னாடி கொண்டாந்து மறைச்சிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஊர் உலகத்தில் பாதி மரங்கள் அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் 'ஒருத்தனுக்கும் தெரியாது' என்ற வார்த்தையைக் கேட்டதும் ரேணுகாவுக்குச் சுரீர் என்றது. பத்து வருஷமாக அவள் வீட்டில் நடப்பது அதுதானே.

அணுபுரம் குடியிருப்பிலிருந்து வருகிற ஸ்டான்லி, அவளைவிட வயதில் சின்னவன், மரத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தான். "அக்கா, காத்துல சாஞ்ச பாணி பண்ணுங்க. ஒரு பக்கம் கிளை இல்ல, ஒரு பக்கம் கீது. நம்ம கடக்கரைல காத்து அடிச்சி அடிச்சி மரமெல்லாம் ஒரே பக்கமா நிக்குது இல்ல, அது மாதிரி. இதுக்கு அளவெடுத்த மாதிரி செட் ஆவும்."

ஒருவர், தொட்டிக்கு வெளியே அருவி மாதிரி தொங்கவிடச் சொன்னார். இன்னொருவர், அடியோடு வெட்டிவிட்டு அடிக்கட்டையிலிருந்து புதிதாகத் தொடங்கச் சொன்னார். வேறொரு அம்மாள், செத்த பகுதியைச் சீவி வெள்ளையாக எலும்பு மாதிரி விட்டுவிடலாம் என்றாள். அது மலைமேல் நிற்கிற ஊசியிலை மரங்களுக்குச் சரி. மேப்பிள் கட்டை இளக்கம், மழை பட்டால் மக்கிவிடும். ரேணுகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அரச மரத்தைச் சுற்று, கருப்பட்டியில் எள் போட்டுச் சாப்பிடு, மேற்கே தலை வைத்துப் படுக்காதே என்று கல்யாண வீடுகளில் ஆளாளுக்குச் சொல்வதையும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு ஸ்டான்லி மட்டும் நின்றான்.

"நான் சொன்னது புடிக்கலியாக்கா?"

"நல்ல யோசனதான் ஸ்டான்லி. ஆனா காத்து இத செய்யலியே."

அவனுக்குப் புரியவில்லை.

"காத்துல சாஞ்ச மாதிரி வெச்சா, பாக்கறவங்க காத்துதான் இப்டிப் பண்ணிச்சுன்னு நெனப்பாங்க. அருவி மாதிரி தொங்கவுட்டா மண்ணு சரிஞ்சிடுச்சும்பாங்க. திருப்பி வெச்சா ஒன்னுமே நடக்கலம்பாங்க. அவங்க அவங்க சொல்ற பாணில எல்லாம் நெசமா பண்ணவன் தப்பிச்சிக்கிறான்."

ஸ்டான்லி தொட்டியை மெல்லத் திருப்பி, செத்த பக்கத்தைப் பார்த்தான். "மனுசன் பண்ணான்னு சொல்றதுக்கு ஒரு பாணியும் இல்லக்கா. வேணும்னா அந்தச் செத்த எடத்தக் கொடஞ்சி பொந்தா வுட்டு, பொந்த முன்பக்கமா வெக்கலாம். வேரு இல்லாத பக்கமா மரம் சாயட்டும். வேரு கீற பக்கம் அத இழுத்துப் புடிச்சிக்கும். கீழ்க் கிளையவே உச்சியா தூக்கிக்கலாம். என்னா, பாக்கறவன்லாம் இன்னாச்சு இன்னாச்சுன்னு கேட்டுகினே இருப்பான்."

"கேக்கட்டும்" என்றாள் ரேணுகா. அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகள் மாடியில் அந்த வேலைதான். செத்த கட்டையைச் சின்ன உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தாள். உயிருள்ள பட்டையின் ஓரத்தைத் தொடாமல், உள்ளே தண்ணீர் தேங்காமல் அடியில் வழி விட்டு, குடைந்த இடத்துக்கு மருந்து பூசினாள். சாய்வாக நட்டு, கிழக்குக் கிளையைக் கம்பியால் மேலே தூக்கிக் கட்டினாள். ஒருநாள் தீனதயாளன் மாடிக்கு வந்தான். தொட்டி ஆடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மம்பட்டி வெட்டிய இடம் அவன் கைக்கு நேராகவே இருந்தது. வேலை முடிகிறவரை அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வைகாசியில் தீனதயாளனுடைய அக்கா ராஜத்தின் மகளுக்கு வளைகாப்பு, கூடுவாஞ்சேரி மண்டபத்தில். தாய்மாமன் சீர் இவர்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். காலையிலேயே சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் நிறைந்துவிட்டார்கள். பழம், பூ, புடவை, வளையல் என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. சாரதாம்பாள் ரேணுகாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ பூத் தட்டு எடுத்துக்க. அங்க நலங்கு வெக்கும்போது கொஞ்சம் பின்னாடியே நில்லு. வளையல் போட கூப்ட்டா போவாத. நான் ஒன்னும் நெனைக்கல, ஆனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

பேசுகிற நாலு பேரில் முதல் ஆள் யார் என்பது ரேணுகாவுக்குத் தெரியாதா? படியேறி மாடிக்குப் போனாள். மேப்பிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த மேஜையைக் காலி செய்து, பொந்து வாசலைப் பார்க்கும்படி வைத்தாள். புதுத் துளிர் சிவப்பாக இருந்தது. அதற்குக் கீழே தண்டில் அவ்வளவு நீளத்துக்குக் கறுப்பாகப் பள்ளம்.

வந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தீனதயாளன் வேகமாக வந்தான்.

"இன்னா ரேணு இது, இந்த நேரத்துல? சரி, வெச்சதுதான் வெச்ச, கொஞ்சம் திருப்பி வெய்யேன். எல்லாரும் இன்னாச்சுன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள் ரேணுகா.

அவன் தொட்டியைத் திருப்பக் கை நீட்டினான். அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வேண்டா உள்ளே வந்தாள். அவன் அப்பாவுக்கு அக்கா, எழுபதைத் தாண்டியவள், இன்னும் ஊரில் ஆடு வளர்த்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவள். வீட்டில் நாலாவதாகவும் பெண்ணே பிறந்ததும், இனிப் பெண் வேண்டாம் என்று கடவுளுக்குத் தெரிவிப்பதற்காக அந்தப் பேரை வைத்தார்கள். அவளைக் கண்டால் சாரதாம்பாளுக்கே கொஞ்சம் பயம். ரேணுகாவுக்கு அவளிடமும் பெரிதாக நம்பிக்கை இல்லை. போன பொங்கலுக்கு இதே கூடத்தில் உட்கார்ந்து, இன்னும் விசேஷம் இல்லையா என்று கேட்டவள்தான்.

வேண்டா நேராக மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். "இன்னாடா தீனா, மரத்து வவுத்துல எம்மாம் பெரிய ஓட்ட?"

"ஆடு கடிச்சிடுச்சி அண்ணி" என்று சமையலறையிலிருந்து சாரதாம்பாள் குரல் கொடுத்தாள்.

"ஆடு கொழுந்தத் தின்னும். கட்டையத் தின்னுமா? ஆடு வளக்கறவ கிட்டயே சொல்ற பாரு." அவள் தீனதயாளனைப் பார்த்தாள். "நீ சொல்லுடா."

தொட்டியில் வைத்த கையை அவன் எடுத்துக்கொண்டான். ரேணுகா பூத் தட்டோடு சுவரோரம் நின்றாள். அவனுக்கு உதவியாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் அத்த" என்றான் தீனதயாளன். "கொழந்த இல்லன்னு... குட்ட மரம் வூட்டுக்கு ஆவாதுன்னாங்க. புடுங்கி மண்ணுல நட்டேன். வேர வெட்டிட்டேன்."

வேண்டா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அடுத்து ஆம்பளப் புள்ள பொறக்கணும்னு என் பேரக் கெடுத்தாங்க. எழுவது வருசமா வேண்டா வேண்டான்னு கூப்ட்டுகினு கீறீங்க. உங்கப்பன் பொறந்தது இந்தப் பேராலியா?" முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "இந்தப் பொண்ண அறுக்காத எடமில்ல, குத்தாத எடமில்லன்னு உங்கம்மாதான் சொன்னா. உனக்கு இன்னாடா டெஸ்ட்டு எடுத்தாங்க?"

சாரதாம்பாள் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். தெருவில் வேன்காரன் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தான்.

"எனக்கு எதுவும் எடுக்கல அத்த" என்றான் தீனதயாளன். "அவ கேட்டுகினேதான் இருந்தா. நாந்தான் போவல."

அத்தனை சொந்தக்காரர்களும் கேட்டார்கள். இந்த ஒரு வரியைச் சொல்ல இவனுக்கு இத்தனை வருஷமா என்றுதான் ரேணுகாவுக்கு முதலில் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷம் அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.